நிலமகளின் நாடி பார்த்தவர்

பொறுமைக்கு எடுத்துக்காட்டுக் கூற விரும்புவோர் நிலத்தையே முதலில் நினைப்பர். உழுதாலும் தோண்டினாலும் சினவாது, தன்மேல் வாழும் உயிர்களையெல்லாம் அது சுமந்து நிற்கின்றது. கடல் பொங்கலாம், காற்றுச் சுழன்றடிக்கலாம், நிலம் மட்டும் நம் காலடியில் நிலைத்திருக்கும் என்னும் நம்பிக்கையிலேதான் நாம் வீடு கட்டுகிறோம், அணை எழுப்புகிறோம், இரவில் அச்சமின்றி உறங்குகிறோம். அத்தகைய நிலமே ஒரு நாள் நடுங்கத் தொடங்குமாயின், மனிதன் எதைப் பற்றிக்கொண்டு நிற்பான்?

நிலநடுக்கத்தால் விளையும் அழிவு ஒருபுறமிருக்க, அதனை ஆராயப் புகுந்தோரை மற்றோர் இடர்ப்பாடும் எதிர்கொண்டது. ஓடத்தில் செல்பவன் ஓடத்தின் அசைவை அறிய வேண்டுமாயின், கரையில் நிற்கும் மரத்தைப் பார்க்கலாம். நிலமே ஆடும்பொழுது நமக்குக் கரை ஏது? மரமும் ஆடுகிறது, சுவரும் ஆடுகிறது, அளக்க வந்தவனும் அவன் கையிலுள்ள அளவுகோலும் சேர்ந்தே ஆடுகின்றன. ஆடும் உலகில் ஆடாத ஒரு புள்ளியைக் கண்டாலன்றி நிலத்தின் அசைவை அளத்தல் இயலாது. அப்புள்ளியைத் தேடி அலைந்து, ஓர் எளிய ஊசலில் அதனைக் கண்டு, அவ்வூசலை உலகின் பல பகுதிகளிலும் நிறுவியவர் ஜான் மில்ன் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவருடைய வாழ்க்கை, விடாமுயற்சிக்குச் சிறந்ததோர் இலக்கணமாகும்.

இளமைப் பருவம்

ஜான் மில்ன் 1850 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30 ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகன். இலண்டனிலுள்ள அரசர் கல்லூரியிலும், பின்னர்ச் சுரங்கவியல் கல்லூரியிலும் அவர் பயின்றார். ஆயினும், ஏட்டறிவு ஒன்றே அவருக்கு நிறைவு தரவில்லை. காணாத நாடுகளைக் காண வேண்டும், கல்லையும் மண்ணையும் நேரில் தொட்டு ஆராய வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அவ்வேட்கை அவரை உலகின் பல திசைகளுக்கும் செலுத்தியது. பனி மூடிய ஐஸ்லாந்துத் தீவை அவர் கண்டார். கனிவளம் தேடி நியூபவுண்ட்லாந்துக்குச் சென்றார். 1874 ஆம் ஆண்டில் சினாய் மலை பற்றி ஆராயச் சென்ற குழுவினருடன் நிலவியல் வல்லுநராக அரேபியப் பகுதிக்குப் பயணமானார். குளிரையும் வெப்பத்தையும் ஒன்றுபோல் தாங்கும் உடலுறுதி இப்பயணங்களால் அவருக்கு வாய்த்தது.

கீழ்த்திசைப் பயணம்

அக்காலத்தில் ஜப்பான் நாடு தன் கதவுகளை உலகுக்குத் திறந்துவிட்டிருந்தது. மேலைநாட்டுத் தொழில்நுட்பங்களைத் தன் இளைஞர் விரைந்து கற்றுத் தேறவேண்டும் என்று அந்நாட்டு அரசு விழைந்தது. அதன்பொருட்டு வெளிநாட்டு அறிஞர் பலரை ஆசிரியராக அழைத்தது. டோக்கியோ நகரில் அமைந்த பொறியியற் கல்லூரியில் சுரங்கவியலும் நிலவியலும் கற்பிக்கும் பேராசிரியர் பதவி மில்னுக்குக் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 25 கூட நிரம்பவில்லை.

கடல்வழியே செல்வது எளிது. ஆனால் மில்னுக்குக் கடற்பயணம் ஒத்துக்கொள்வதில்லை. புதிய நிலங்களைக் காணும் ஆவலோ அளவற்றது. ஆகவே அவர் 1875 ஆம் ஆண்டில் தரைவழியே புறப்பட்டார். ஐரோப்பாவைக் கடந்து, சைபீரியாவின் பனிவெளிகளையும் மங்கோலியாவின் பாழ்நிலங்களையும் தாண்டி, சீனம் வழியாக 1876 ஆம் ஆண்டில் டோக்கியோவை அடைந்தார். வழியெல்லாம் பாறைகளையும் மண்வகைகளையும் கண்டு குறிப்பெடுத்துக்கொண்டே சென்றார்.

ஜப்பானில் நிலநடுக்கம் அரிய நிகழ்ச்சியன்று. விளக்குகள் ஆடுவதும், சுவர்கள் முனகுவதும், பாண்டங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிப்பதும் அங்கு வாழ்வோருக்குப் பழகிப்போன செய்திகள். சுரங்கவியல் கற்பிக்க வந்த மில்னின் கருத்து மெல்ல மெல்ல இந்நடுக்கங்களின்பால் திரும்பியது. 1880 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22 ஆம் நாள் யோக்கஹாமா நகரை ஒரு நிலநடுக்கம் தாக்கிப் புகைபோக்கிகள் பலவற்றைச் சாய்த்தது. அது மில்னின் வாழ்க்கைக்கே ஒரு திருப்பமாயிற்று. அவ்வாண்டிலேயே அவருடைய முயற்சியால் ஜப்பான் நிலநடுக்க ஆய்வுக் கழகம் தோன்றியது. நிலநடுக்கத்தை ஆராய்வதற்கென்றே உலகில் முதன்முதல் அமைந்த கழகம் இதுவேயாகும்.

ஆடாத புள்ளி

நிலநடுக்கத்தை அறிவிக்கும் கருவிகள் பழங்காலத்திலும் இருந்தன. கி.பி. 132 ஆம் ஆண்டிலேயே சீன நாட்டில் சாங் ஹெங் என்னும் அறிஞர் அத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். ஆனால், நிலம் அசைந்தது என்று அறிவிப்பது வேறு. அது எவ்வாறு, எவ்வளவு, எவ்வளவு நேரம் அசைந்தது என்று வரைந்து காட்டுவது வேறு. மில்னும், அவருடன் டோக்கியோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆல்பிரட் யூயிங், தாமஸ் கிரே என்னும் அறிஞர்களும் இரண்டாவது வேலையையே மேற்கொண்டனர்.

மாட்டுவண்டி திடீரென்று புறப்படும்பொழுது அதில் அமர்ந்திருப்பவர் பின்புறம் சாய்வதை நாம் அறிவோம். வண்டி முன்னே நகர்கிறது. உடலோ இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. எல்லாப் பொருள்களுக்கும் இவ்வியல்பு உண்டு. ஒரு கனத்த குண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், நிலம் சட்டென்று பக்கவாட்டில் அசையும்பொழுது, தொங்கவிட்ட சட்டமும் நிலத்துடன் அசையும். குண்டு மட்டும் சிறிது நேரம் தன் இடத்திலேயே நிற்கும். குண்டில் ஓர் எழுதுமுள்ளைப் பொருத்தி, அதன் கீழே புகைபடிந்த கண்ணாடித் தகட்டை நகரச் செய்தால், நிலத்தின் அசைவு அத்தகட்டில் கோடாக வரையப்பெறும். தேடிய ஆடாத புள்ளி அக்குண்டே ஆகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நிலம் மெல்ல அசைந்தால், குண்டும் அதனுடன் சேர்ந்து நகர்ந்துவிடும். நில அசைவைவிட ஊசலின் அலைவு மெதுவாக இருந்தால்தான் குண்டு அசையாது நிற்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை சென்று மீள ஏறத்தாழ 2 வினாடி ஆகின்றது. யூயிங் 6 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய ஊசலை அமைத்துப் பார்த்தார். அதற்கும் ஏறத்தாழ 5 வினாடியே ஆகும். 20 வினாடி வேண்டுமாயின் ஊசலின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர் இருத்தல் வேண்டும். அத்துணை உயரமான கூடத்தை யார் கட்டுவது?

கதவு கற்பித்த பாடம்

இச்சிக்கலுக்கு விடை, நம் வீட்டுக் கதவில் ஒளிந்திருந்தது. கதவின் கீல்கள் இரண்டும் செங்குத்தாக ஒன்றன்மேல் ஒன்று அமைந்திருந்தால், கதவை எந்த நிலையில் விட்டாலும் அங்கேயே நிற்கும். கதவுநிலை சற்றே சாய்ந்திருந்தால், கதவு தானே நகர்ந்து மிகத் தாழ்ந்த நிலைக்கு வந்து சேரும். கீல் இறுக்கமின்றி இருப்பின், அந்நிலையைக் கடந்து அப்பாலும் இப்பாலும் ஆடி நிற்கும். சாய்வு குறையக் குறைய, ஆட்டம் மெதுவாகும். இவ்வாறு கதவைப்போல் பக்கவாட்டில் ஆடுமாறு அமைக்கப்பெற்ற ஊசலுக்குக் கிடை ஊசல் என்று பெயர். ஒரு மீட்டர் நீளமுள்ள கிடை ஊசலின் அச்சைச் செங்குத்திலிருந்து அரைப் பாகைக்குச் சற்று மேலாகச் சாய்த்தால் போதும்; அது 100 மீட்டர் ஊசலைப்போலவே 20 வினாடிக்கு ஒருமுறை அலையும். உயரத்தால் அடைய இயலாததைச் சாய்வின் நுட்பத்தால் அடைந்துவிடலாம்.

கிடை ஊசலின் தத்துவம் மில்னுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. அதனை நிலநடுக்கத்தைப் பதியும் சிறந்த கருவியாக உருவாக்குவதில் யூயிங், கிரே, மில்ன் மூவருக்கும் பங்குண்டு. பின்னர் மில்ன் அமைத்த கருவி மிகவும் எளியது. தரையில் ஆழமாக ஊன்றிய செங்கல் தூணின்மேல் ஓர் இரும்புத் தகடு. அத்தகட்டில் நிற்கும் ஒரு சிறு கம்பம். கம்பத்தின் அடியில் கூர்முனையை ஊன்றி, மேலிருந்து மெல்லிய கம்பியால் தாங்கப்பெற்றுக் கிடையாக நிற்கும் ஓர் இலேசான தண்டு. தண்டின்மேல் ஒரு சிறு பளு. தண்டின் நுனியிலுள்ள தகட்டில் ஒரு மெல்லிய பிளவு இருக்கும். விளக்கின் ஒளி அப்பிளவின் வழியே ஒரு புள்ளியாக இறங்கி, கீழே மெதுவாக நகரும் ஒளிப்படத் தாளில் விழும். தாளைக் கழுவி எடுத்தால், அமைதியான நாளில் நேர்கோடும், நிலம் நடுங்கிய நேரத்தில் விரிந்து சுருங்கும் வடிவமும் காணப்படும். மணிக்கொரு முறை கடிகாரம் ஒளியை மறைத்து நேரத்தைக் குறித்துவிடும்.

கருவியை அமைப்பதினும் அதனைச் செம்மைப்படுத்துவதே கடினமான வேலை. இரும்புத் தகட்டின் அடியில் மூன்று திருகுகள் உண்டு. அவற்றில் ஒன்றைச் சிறிது திருகினால் கம்பத்தின் சாய்வு மாறும். ஊசலின் அலைவு நேரமும் மாறும். சாய்வு மிகுந்தால் ஊசல் விரைந்து ஆடும். தொலைவிலிருந்து வரும் மெல்லிய அசைவுகளை உணராது. சாய்வு அளவுக்கு மீறிக் குறைந்தாலோ, ஊசல் நிலைகொள்ளாமல் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் கண்டறிதல் வேண்டும். ஒருமுறை திருகி, ஊசலை இலேசாக அசைத்து, கடிகாரத்தைக் கையில் வைத்து அலைவை எண்ணி, மீண்டும் மயிரிழை அளவு திருகி, மீண்டும் எண்ணி, இவ்வாறு ஏறத்தாழ 15 வினாடி முதல் 18 வினாடி வரையிலான அலைவு நேரத்துக்கு அதனைக் கொண்டுவருவர். அறையின் வெப்பம் மாறினாலும், பெட்டிக்குள் சிறு காற்றோட்டம் எழுந்தாலும் ஊசல் இடம் பெயரும். பொறுமையில்லாதவன் கையில் இக்கருவி பயன்படாது.

நிலமும் மக்களும்

கருவியோடு நின்றுவிடாமல் மில்ன் பல வழிகளில் ஆராய்ச்சி செய்தார். கனத்த இரும்புக் குண்டை உயரத்திலிருந்து விழச் செய்தும், வெடிமருந்தை மண்ணில் புதைத்து வெடித்தும், செயற்கை நடுக்கங்களை உண்டாக்கி, அதிர்ச்சி எவ்வளவு விரைவில் மண்ணில் பரவுகின்றது என்று கண்டார். டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்களின் அலுவலகங்களுக்குக் கட்டுக் கட்டாக அஞ்சல் அட்டைகளை அனுப்பி, அங்கு உணரப்பட்ட நடுக்கங்களை எழுதித் தெரிவிக்குமாறு வேண்டினார். விலைமிக்க கருவி இல்லாத இடத்தில் ஓர் அஞ்சல் அட்டையே கருவியாயிற்று. திரும்பி வந்த அட்டைகளைத் தொகுத்து, நடுக்கங்கள் எத்திசையில் மிகுதியாகத் தோன்றுகின்றன என்று வரைபடத்தில் குறித்தார்.

நடுக்கத்தைத் தாங்கும் வீட்டை அமைக்க இயலுமா என்றும் அவர் முயன்று பார்த்தார். பெரிய இரும்பு உருண்டைகளின்மேல் ஒரு சிறு வீட்டை நிறுத்தினார்; நிலம் அசைந்தாலும் உருண்டைகள் உருளும், வீடு நிற்கும் என்பது அவர் எண்ணம். ஆனால் காற்று வீசினாலே வீடு நகரத் தொடங்கியது! உருண்டைகளின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் சிறிய இரும்புக் குண்டுமணிகளைப் பயன்படுத்திய பின்னரே வீடு காற்றுக்கு நிலைத்தது. அடித்தளத்தை நிலத்தினின்றும் பிரித்துக் கட்டும் முறை இக்காலத்தில் பல நாடுகளில் கையாளப்படுகின்றது. அதன் முன்னோடிகளுள் மில்னின் சிறு வீடும் ஒன்று.

1881 ஆம் ஆண்டில் மில்ன், ஹக்கோடாட்டே நகரின் பௌத்தக் கோயில் தலைவருடைய மகளான தோனே என்னும் மங்கையை மணந்தார். இன்பத்திலும் துன்பத்திலும் அவ்வம்மையார் அவருக்கு உறுதுணையாக விளங்கினார்.

1891 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28 ஆம் நாள் விடியற்காலையில், நடு ஜப்பானில் மினோ, ஓவாரி என்னும் பகுதிகளைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. 7,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊர்கள் தரைமட்டமாயின. நிலம் பிளந்து, ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாகப் பெயர்ந்தது. புதிய முறையில் செங்கல்லால் கட்டிய கட்டடங்களும், ஆற்றின் குறுக்கே அமைத்த இரும்புப் பாலமும் சிதைந்தன. மில்ன் அவ்விடங்களுக்கு நேரில் சென்று அழிவை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். எந்தக் கட்டடம் விழுந்தது, எது நின்றது, ஏன் நின்றது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது மக்களின் உயிரைக் காப்பதாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அடுத்த ஆண்டில் ஜப்பானிய அரசு நிலநடுக்க ஆய்வுக்கெனத் தனிக் குழுவை அமைத்தது. செக்கியா, ஓமோரி முதலிய ஜப்பானிய அறிஞர்கள் அத்துறையில் தலைசிறந்து விளங்கினர்.

தீயும் துணிவும்

பெரியதொரு நிலநடுக்கத்தைத் தக்க கருவிகொண்டு உலகின் எந்தப் பகுதியிலும் பதியக்கூடும் என்று மில்ன் 1883 ஆம் ஆண்டிலேயே கருதினார். 1889 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அக்கருத்து மெய்யாயிற்று. ஜெர்மனி நாட்டில் எர்ன்ஸ்ட் வான் ரெபோர் பாஷ்விட்ஸ் என்னும் இளம் அறிஞர், நிலத்தின் மிகச் சிறிய சாய்வுகளை அளப்பதற்காகக் கிடை ஊசல்களை அமைத்திருந்தார். பாட்ஸ்டாம், வில்ஹெல்ம்ஸ்ஹாபன் என்னும் இரண்டு ஊர்களிலும் இருந்த அவருடைய ஊசல்கள் ஒரே நாளில் காரணமின்றி ஆடின. பின்னர், அதே நாளில் ஜப்பானில் நிலநடுக்கம் நிகழ்ந்த செய்தியை அவர் படித்து, உண்மையை உணர்ந்தார். ஜப்பானில் எழுந்த அலை, பூமியின் ஊடே சென்று, ஜெர்மனியின் ஊசலைத் தொட்டிருந்தது!

இக்கண்டுபிடிப்பு மில்னுக்குப் புத்தூக்கம் அளித்தது. தொலைதூர நடுக்கங்களைப் பதியும் இலேசான ஊசலை அவர் டோக்கியோவில் அமைத்துச் சோதித்து வந்தார். அந்நிலையில், 1895 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17 ஆம் நாள், அவருடைய வீட்டில் தீப்பற்றியது. வீடும், ஆய்வுக்கூடமும், கருவிகளும், அரிதின் முயன்று தேடிய நூல்களும் எரிந்து சாம்பலாயின. ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்பின் பயன் ஒரே நாளில் அழிந்தது.

மற்றொருவராயின் மனமுடைந்து ஓய்ந்திருப்பர். மில்னுக்கு அப்பொழுது வயது 44. அவருடைய நூல்கள் எரிந்தன. அவற்றில் இருந்த அறிவு எரியவில்லை. ஊசல் உருகியது, அதனைச் செம்மைப்படுத்தக் கற்ற கை உருகவில்லை. அவ்வாண்டிலேயே அவர் ஜப்பானை விட்டுத் தாயகம் திரும்பினார். அவருடைய தொண்டைப் பாராட்டி ஜப்பானியப் பேரரசர் உயரிய விருது வழங்கிச் சிறப்பித்தார்.

சிற்றூரில் ஓர் உலகக் கூடம்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி வைட் என்னும் சிறு தீவு உள்ளது. அத்தீவிலே ஷைட் என்னும் சிற்றூரில் மில்ன் தம் துணைவியாருடனும், ஜப்பானிலிருந்து உடன் வந்த ஷினோபு ஹிரோட்டா என்னும் உதவியாளருடனும் குடியேறினார். வீட்டை ஒட்டியிருந்த குதிரைலாயத்தில் செங்கல் தூண்களை எழுப்பி, 1895 ஆம் ஆண்டிலேயே மீண்டும் ஊசலை நிறுவினார். குதிரைலாயம் ஆய்வுக்கூடமாயிற்று.

ஒரு கருவியால் ஓரளவே அறிய இயலும். ஒரே நடுக்கத்தைப் பல ஊர்களில் பதிந்து, அலை ஒவ்வோர் ஊரையும் எந்நேரத்தில் சென்றடைந்தது என்று ஒப்பிட்டால், அது எங்கே தோன்றியது என்பதையும், பூமியின் உள்ளே எவ்வாறு சென்றது என்பதையும் கண்டறியலாம். அதற்கு எல்லா ஊர்களிலும் ஒரே வகையான கருவி வேண்டும். அது விலை குறைந்ததாகவும், எளிதில் கையாளத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். மில்ன் தம் ஊசலை எளிமையாக அமைத்ததன் காரணம் இதுவே. பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் துணையுடன் அவர் கருவிகளை நாடெங்கும் அனுப்பினார். காலப்போக்கில் ஏறத்தாழ 40 நிலையங்கள் அமைந்தன. காப்டன் ஸ்காட் 1901 ஆம் ஆண்டில் தென்துருவப் பகுதிக்குச் சென்றபொழுது, மில்னின் கருவியொன்றும் அக்கப்பலில் பயணம் செய்தது.

இந்தியாவும் இவ்வலையில் ஓர் இழையாயிற்று. 1897 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12 ஆம் நாள் அஸ்ஸாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்துக்குப் பின்னர், நம் நாட்டிலும் இத்தகைய நிலையங்கள் வேண்டும் என்பது உணரப்பட்டது. 1898 ஆம் ஆண்டில் கல்கத்தாவின் அலிப்பூரிலும், அதனையடுத்துப் பம்பாயின் கொலாபாவிலும் நம் கோடைக்கானலிலும் மில்ன் வகைக் கருவிகள் நிறுவப்பட்டன. கோடைமலையின் அமைதியில் ஓர் ஒளிப்புள்ளி, தொலைவில் நடுங்கிய நிலங்களின் செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தது.

எல்லா நிலையங்களிலிருந்தும் வரும் பதிவுகள் ஷைட் ஊருக்கு வந்து சேர்ந்தன. மில்ன் அவற்றை ஒப்புநோக்கி, நடுக்கங்களின் பட்டியல்களை 1900 ஆம் ஆண்டு முதல் 1912 ஆம் ஆண்டு வரை சுற்றறிக்கைகளாக வெளியிட்டார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆல்டுஹாம் என்னும் அறிஞர், அஸ்ஸாம் நடுக்கம் தொலைவிடங்களில் பதிந்த கோடுகளை ஆராய்ந்து, விரைவில் வேறுபட்ட மூவகை அலைகள் உண்டென 1900 ஆம் ஆண்டில் விளக்கினார். பல நடுக்கங்களின் பதிவுகளை ஒப்பிட்டு, பூமியின் நடுவே தனித்ததொரு கருவம் உண்டு என்று 1906 ஆம் ஆண்டில் காட்டினார். மனிதர் எவரும் சென்று காண இயலாத ஆழத்தை, நிலத்தின் மேலுள்ள ஊசல்கள் கண்டு கூறின.

குறையும் நிறைவும்

மில்னின் ஊசலுக்கு ஒரு குறை இருந்தது. நிலம் ஆட்டிய ஊசல், நிலம் நின்ற பின்னரும் தன்போக்கில் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் தாளில் விழும் கோட்டில் நிலத்தின் அசைவு எது, ஊசலின் அசைவு எது என்று பிரித்தறிதல் கடினம். ஊஞ்சலில் ஆடும் பிள்ளையை ஒருமுறை தள்ளிவிட்டால், தள்ளிய கை நின்ற பின்னும் ஊஞ்சல் ஆடுவதைப் போன்றது இது. ஊசலின் வீண் ஆட்டத்தை அடக்கும் அமைப்புக்குத் தணிப்பு என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் வீகெர்ட்டும், உருசிய அறிஞர் கலிட்சினும் தணிப்புடைய கருவிகளை அமைத்துப் புகழ்பெற்றனர். அவற்றோடு ஒப்பிடும்பொழுது மில்னின் கருவி நுட்பத்தில் பின்தங்கியதே.

அக்குறையும் நீங்கும் காலம் வந்தது. இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் என்னும் ஊரில் ஜே. ஜே. ஷா என்பவர் வாழ்ந்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். நிலநடுக்க ஆராய்ச்சியில் கொண்ட ஆர்வத்தால், தம் சொந்த முயற்சியில் கருவி செய்து பழகியவர். மில்னின் ஊசலை எடுத்துக்கொண்டு, தண்டுடன் ஓர் அலுமினியத் தகட்டை இணைத்து, அத்தகடு காந்தங்களுக்கிடையே அசையுமாறு அவர் அமைத்தார். உலோகத் தகடு காந்தங்களுக்கிடையே நகரும்பொழுது அதில் மின்னோட்டம் எழுந்து, நகர்ச்சியைத் தடுக்கும். இதனால் ஊசல் நிலத்தின் அசைவை மட்டும் காட்டி, நிலம் நின்றவுடன் தானும் அடங்கியது. அசைவைப் பெருக்கிக் காட்டும் ஆற்றலும் பன்மடங்கு உயர்ந்தது. மில்ன் ஷா கருவி என்று பெயர்பெற்ற அது, இந்தியா உட்படப் பல நாடுகளில் நெடுங்காலம் பணிபுரிந்தது. இக்காலத்திலும் ஆர்வமுடையோர், தம் வீட்டிலேயே ஒரு கம்பம், ஒரு தண்டு, ஒரு பளு, காந்தம் ஆகியவற்றைக் கொண்டு இதே முறையில் ஊசல் அமைத்து, தொலைவிலுள்ள நாடுகளின் நடுக்கங்களைப் பதிகின்றனர்.

கருவி முழுமை பெற்றதைக் காண மில்ன் உயிருடன் இல்லை. 1913 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள் அவர் ஷைட் ஊரில் மறைந்தார். தோனே அம்மையார் சில ஆண்டுகளுக்குப் பின்னர்த் தம் பிறந்த நாட்டுக்குத் திரும்பினார். மில்ன் தொடங்கிய பணியோ நிற்கவில்லை. ஆக்ஸ்போர்டு நகரில் டர்னர் என்னும் வானியல் அறிஞர் அதனை ஏற்று நடத்தினார். அதன் வழித்தோன்றலாக 1964 ஆம் ஆண்டில் அமைந்த அனைத்துலக நிலநடுக்க மையம், உலக முழுவதிலுமிருந்து வரும் பதிவுகளை இன்றும் தொகுத்து வருகின்றது.

நிலநடுக்கம் எந்நாளில், எந்நேரத்தில் வரும் என்று முன்னறிந்து கூற இன்றும் எவராலும் இயலவில்லை. ஆயினும், அது எங்கே தோன்றுகிறது, எவ்வாறு பரவுகிறது, எத்தகைய கட்டடம் அதனைத் தாங்கும் என்பவற்றை நாம் அறிந்துள்ளோம். அவ்வறிவு பல்லாயிரம் உயிர்களைக் காக்க வல்லது. அதற்கு வழிகோலியவர்களுள் மில்ன் முன்னவராவார்.

திருகை மயிரிழை அளவு திருப்பி, ஊசலின் அலைவை எண்ணி, மீண்டும் திருப்பி, மீண்டும் எண்ணிய அக்கைகளை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். பெருஞ்செயல்கள் பேரொலியுடன் நிகழ்வதில்லை. சிறு செயலைச் சலிப்பின்றிப் பன்முறை செய்வதனாலேயே அவை கைகூடுகின்றன. உலகமே ஆடும்பொழுதும் நிலைகுலையாது நிற்கும் ஒரு புள்ளி ஊசலுக்கு வேண்டும். மனிதனுக்கும் அத்தகைய புள்ளி ஒன்று வேண்டும். மில்னுக்கு அது கொண்ட கொள்கையில் வைத்த உறுதி. தீயும் இழப்பும் அவரைச் சூழ்ந்தபொழுதும் அவ்வுறுதி அசையவில்லை. அதனைப் பெற்றவர் எக்காலத்தும் எடுத்த வினையை முடிப்பர் என்பதற்கு ஜான் மில்னின் வாழ்வே சான்றாகும்.